அடியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் கூலர்: வாங்கலாமா?

மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் திருகி மாட்டும் இரட்டை ஃபேன் கூலர், சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெல்லிய தகட்டில் இரண்டு சிறிய ஃபேன்கள், கணினியின் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு மோலெக்ஸ் கனெக்டர் (நான்கு முனை மின் இணைப்பி), நான்கு திருகுகள். பெட்டிக்குள் இருப்பது அவ்வளவே. ஏசி இல்லாத அறையில், மே மாத வெயிலில், இரவும் பகலும் ஓடும் கணினியில் இதைப் பொருத்திப் பார்த்தேன்.

வெப்பம் குறைகிறது என்பதில் ஐயமில்லை. அறையின் வெப்பம் 34 டிகிரி செல்சியஸாக இருந்த பிற்பகலில், பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது 51 டிகிரி வரை ஏறிய டிஸ்க், கூலரை மாட்டிய பின் அதே வேலையில் 44 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் இந்தச் சிறிய ஃபேன்கள் கேபினட்டுக்குள் ஏற்கெனவே சூடேறிய காற்றையே டிஸ்க்கின் மீது திருப்பி வீசுகின்றன. வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால் இரைச்சலும் அதிகம். தகட்டின் தடிமன் கீழே இன்னொரு டிஸ்க் மாட்டும் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. இவற்றையெல்லாம் விட எனக்கு உறுத்தலாகப் பட்டது அதிர்வுதான். சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில், தரவைப் படித்து எழுதும் ஹெட் மிதந்து செல்லும் ஒரு கருவியின் உடலிலேயே, மலிவான பேரிங் கொண்ட ஃபேனைத் திருகி வைப்பது விவேகமான ஏற்பாடாகத் தெரியவில்லை.

பின்னர் கூலரைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் முன்பக்கத்தில் ஒரு 120 மி.மீ. ஃபேனை மெதுவான வேகத்தில் ஓடவிட்டபோது வெப்பம் 42 டிகிரியில் நின்றது. பக்கத்து டிஸ்க்கும் சேர்ந்து குளிர்ந்தது, சத்தமும் அநேகமாகக் கேட்கவில்லை. வெளிக்காற்றை உள்ளே இழுத்து டிஸ்குகளின் இடுக்கு வழியே செலுத்துவதில்தான் பயன் இருக்கிறது.

இதற்கு மேலும் குளிரவைக்கப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பல டெஸ்க்டாப் டிஸ்குகளுக்கு உற்பத்தியாளர்கள் தரும் இயக்க வரம்பு 0 முதல் 60 டிகிரி வரை; நாஸ் (நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் சேமிப்பகம்) டிஸ்குகள் சிலவற்றுக்கு 65 அல்லது 70. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கண்காணித்து கூகுள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த டிஸ்குகள் குறைவாகப் பழுதாகும் என்ற பொது நம்பிக்கை உறுதிப்படவில்லை. மிக உயர்ந்த வெப்பத்திலும், மூன்று ஆண்டு கடந்த டிஸ்குகளிலும்தான் சூட்டின் பாதிப்பு புலப்பட்டது. எனவே 30 முதல் 45 டிகிரிக்குள் நிலையாக இருந்தால் நான் தொடுவதில்லை. 50ஐ அடிக்கடி தாண்டினால் காற்றோட்டத்தைச் சரிபார்ப்பேன்.

முன்பக்கத்தில் ஃபேன் பொருத்தவே இடமில்லாத பழைய கேபினட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கூலரைப் பரிந்துரைப்பேன். அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மோலெக்ஸ் இணைப்பில் ஃபேனின் வேகத்தைத் தெரிவிக்கும் கம்பி கிடையாது என்பதால், தூசி அடைத்து ஃபேன் நின்றுபோனாலும் மதர்போர்டு எச்சரிக்காது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் 50 டிகிரிக்கு ஓர் எச்சரிக்கையை அமைத்த பிறகே கேபினட்டை மூடுங்கள்.