குளத்து வரைபடத்துக்கு எது உகந்தது: தாளா, கூகுளா, ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பா?

மழைக்காலத்தில் பாதை அறுந்துபோகும் இடங்களை ஒரே வரைபடத்தில் குறித்து வைப்பதென எமது கமக்காரர் அமைப்பு தீர்மானித்தபோது, நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள், கூகுள் மப், எவரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மப் ஆகிய மூன்றையும் பயன்படுத்திப் பார்த்து மூன்றாவதைத் தெரிவுசெய்தோம்.

வழி தேடக் கூகுளே வசதியானது. ஆனால் வட இலங்கையின் வன்னிப் பகுதி நீரைப் புரிந்துகொள்ளப் பாதைகள் போதா. கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கு நீர் சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு சிறு குளம் நிரம்பி அதன் வான் (மிகைநீர் வெளியேறும் வழி) வழியே வழியும் நீர் அடுத்த குளத்தை நிரப்பும் தொடர்தான் கண்ணில் படுவதில்லை. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் உடைந்த இடங்களைப் பட்டியலாக எழுதியபோது அவற்றுக்குள் தொடர்பே தெரியவில்லை. வரைபடத்தில் புள்ளியிட்டதும் பெரும்பாலானவை ஒரே நீரோட்டத்தில் விழுந்தன. அதன் மேல்முனையில், திணைக்களத் தாளில் குளமாகவும் இன்று அணை உடைந்து பற்றை மூடியும் கிடக்கும் ஓரிடம் இருந்தது. தேக்குவாரற்ற நீர் ஒரேயடியாகக் கீழிறங்குகிறது என்றே கருதுகிறோம். 1854இல் இலண்டனில் ஜோன் ஸ்னோ வாந்திபேதி மரணங்களை வீடுவீடாகக் குறித்தபோது அவை புரோட் வீதி நீர்ப்பம்பியைச் சுற்றித் திரண்டு நின்றதும் இவ்வாறே.

பழைய குளத்தைக் காட்டிய பெருமை தாளுக்கே உரியது. இருப்பினும் எமது தெரிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஒவ்வொரு காலபோகத்திலும் (பெருமழைக்காலப் பயிர்ச்செய்கை) ஒரு மதகு புதிதாகக் கட்டப்படுகிறது, ஒரு வாய்க்கால் தூர்ந்துபோகிறது. தாளில் அதைப் பென்சிலால் எழுதி அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். கூகுளில் திருத்தத்தை அனுப்பலாம். ஏற்பது அவர்கள் கையில், தரவை மொத்தமாக எடுத்துப் பயன்படுத்தவும் வழியில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் மதகை நாமே அன்றே சேர்க்கலாம், குளத்தின் பெயரைத் தமிழிலேயே இடலாம், யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறும் அழியாது. தரவை இறக்கி, வரைபடத் தரவை ஆராயும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் விரித்து ஆராயலாம். முன்கூட்டியே இறக்கி வைத்தால், சிக்னல் இல்லாத காட்டுக்கரையிலும் கைபேசிச் செயலியில் அதே வரைபடம் திறக்கும்.

குறைகளும் உண்டு. யாரும் திருத்தலாம் என்பதால் பிழையும் புகும். பொறுப்பாக ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிப்புரிமை காரணமாகத் தாளையோ கூகுளையோ பார்த்துப் பிரதி செய்யக் கூடாது. நேரில் சென்றோ, அனுமதிக்கப்பட்ட செய்மதிப் படத்தைப் பார்த்தோ குறிக்க வேண்டும். வெள்ளச் சேதம் போன்ற தற்காலிகத் தகவல்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மப் இடமன்று; அவற்றைக் கியூஜிஐஎஸ்ஸில் தனிக் கோப்பாக வைத்திருக்கிறோம். யானை இறங்கும் இடங்களையும் இப்படிக் குறிக்கத் தொடங்கியுள்ளோம், ஆனால் சில போகங்களின் பதிவுகள் சேராமல் வேலியை எங்கே நீட்டலாமெனச் சொல்ல நாம் துணியமாட்டோம்.