புதிய பெட்டிக்குள் பழைய பிறேக் சூ: மட்டக்களப்பில் உதிரிப்பாகம் வாங்குவோர் கவனத்துக்கு

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ உதிரிப்பாகம் வாங்கி, பின்சில்லுகளின் பிறேக் சூக்களை (சில்லோடு சுழலும் டிரம் என்ற கிண்ணத்தின் உட்புறத்தில் அழுந்தி வாகனத்தை நிறுத்தும் வளைந்த இரும்புகளை) வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் வழக்கமுள்ளவர்கள் இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். நகரிலுள்ள ஒரு கடையில் "ஜப்பான் ஒறிஜினல்" என்று சொல்லி, புதியதற்கான முழு விலையையும் பெற்றுக்கொண்டு எனக்கு விற்கப்பட்ட பிறேக் சூக்கள், உண்மையில் பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய இரும்பில் லைனர் (டிரம்மில் உரசும் பட்டை) ஒட்டி, கறுப்பு நிறம் பூசி, புதிய பெட்டியில் அடைக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றின் லைனர் ஓட்டத்திலேயே கழன்று, பின்சில்லு இறுகி, வாகனம் வீதியில் குறுக்காகத் திரும்பியது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

என்னுடையது பழைய டொயோட்டா கொரோல்லா. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் நாட்டில் இருந்த வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. உதிரிப்பாகத்தின் தேவையும் விலையும் ஏறிய இடத்தில் போலியும் நுழைந்துவிடுகிறது.

வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைக்காரர் பிற்பாடு பழியைப் போட்டது இந்த வேலையின் மீதுதான். முன்சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, வாகனத்தை ஜக்கில் மட்டும் விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, கைபிறேக்கைத் தளர்த்திய பின்னரே டிரம்களைக் கழற்றினேன். ஒரு பக்கத்தை முடிக்கும்வரை மறுபக்கத்தைப் பிரிக்கவில்லை. எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் கொழுவியிருந்தது என்ற சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு முழுமையாக ஒரு பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் தொலைபேசியில் படமெடுத்தேன். சூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் இடது, வலது அஜஸ்டர்களின் மரை எதிரெதிர்த் திசையில் இருப்பதால் அவற்றைக் கலக்காமல் வைத்தேன். சூக்களைத் தள்ளும் சிலிண்டரின் ரப்பர் உறைகளை விலக்கி, பிறேக் ஒயில் கசியவில்லை என்று உறுதி செய்தேன். சூ உரசும் பின்தட்டின் மேடுகளில் மட்டும் வெப்பம் தாங்கும் கிறீஸை மெல்லியதாகத் தடவினேன். டிரம்மின் உள்விட்டத்தை ஒரு லேத் பட்டறையில் அளந்து பார்த்தபோது, டிரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும் உச்ச அளவுக்குள் அது இருந்தது. பூட்டி முடித்து, சில்லைக் கையால் சுற்றும்போது மெல்லிய உரசல் மட்டும் கேட்கும் அளவுக்கு அஜஸ்டரைச் சரிசெய்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி சொன்னார்.

சில வாரங்களில் இடதுபக்கப் பின்சில்லிலிருந்து விட்டுவிட்டு ஒரு கிறீச்சொலி எழுந்தது. அதை மெக்கானிக்கிடம் காட்டுவதற்காக மட்டக்களப்பு நோக்கி வந்துகொண்டிருந்தபோது, களுவாஞ்சிகுடிக்கு அண்மையில் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வீதிக்கு ஏற, பிறேக்கை மெதுவாகவே மிதித்தேன். இடதுபக்கச் சில்லு ஒரேயடியாக இறுகி, வாகனத்தின் பின்பகுதி வீசப்பட்டது. எதிரில் பேருந்து எதுவும் வராததால் உயிர்ச்சேதம் இல்லை. செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில், லுணுகலைக்கு அப்பாலுள்ள இறக்கங்களில் இது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அந்த வீதியில் ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டிரம்மைக் கழற்றியபோது லைனர் முழுத்துண்டாகப் பெயர்ந்து, சூவுக்கும் டிரம்முக்கும் இடையில் ஆப்பாகச் செருகிக் கிடந்தது. பெயர்ந்த இடத்தில் இரும்பு பளபளப்பாக இருக்கவில்லை. பழைய துரு குழிகுழியாகத் தெரிந்தது. அந்தத் துருவைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே பசை தடவியிருக்கிறார்கள். துருவில் ஒட்டிய பசை இரும்பைப் பிடிக்காது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே உப்புக்காற்றில் ஓடும் நமது வாகனங்களில் அந்தத் துரு மேலும் ஊதி லைனரைத் தள்ளவே செய்யும். நிறத்தைச் சுரண்டியபோது, சிலிண்டர் தள்ளும் முனையில் பள்ளமும், பின்தட்டில் உரசும் ஓரங்களில் தேய்மானமும் வெளிப்பட்டன. ஒரு நாள்கூட ஓடாத புதிய சூவில் இவை இருக்க முடியாது. மறுபக்கத்திலும் லைனரின் ஓரம் விரிசல் விட்டிருந்தது.

கடைக்கு இவற்றைக் கொண்டுபோனபோது முதலில் கிடைத்த பதில், "சேர், சாமான் ஒறிஜினல். வீட்டில கழட்டிப் பூட்டினதுக்கு நாங்க என்ன செய்யிற?" என்பதுதான். அஜஸ்டரை அதிகமாக இறுக்கியதால் சூடேறி லைனர் கழன்றதாக அவர் வாதிட்டார். அப்படிச் சூடேறியிருந்தால் டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்திருக்கும், லைனரும் கண்ணாடிபோல் பளபளத்துக் கருகியிருக்கும். இரண்டுமே இல்லை என்று காட்டியதும் பேச்சு மாறி, "இது எங்கட கடைச் சாமானே இல்லை" என்றார். பற்றுச்சீட்டில் கடை முத்திரை இருந்தாலும், "பிறேக் சூ செட் 1" என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. வாங்கிய அன்று உற்பத்தியாளரின் பெயரையும் பாக இலக்கத்தையும் எழுதித் தருமாறு கேட்டபோதே, எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவதாகச் சொல்லித் தவிர்த்திருந்தார். ஸ்பிரிங்குகளின் இடத்தை நினைவில் வைக்க எடுத்த படங்களில், கடையின் விலைத்துண்டு ஒட்டிய பெட்டியும் அதற்குள் இருந்த சூக்களும் ஒன்றாகப் பதிவாகியிருந்தன. அந்தப் படங்களைக் கண்ட பிறகுதான் குரல் தணிந்தது. ஆனாலும் பணம் திரும்பவில்லை.

லைனர் மாற்றித் தருவது நேர்மையான தொழில். லொறிகளுக்கும் பேருந்துகளுக்கும் இரும்பைச் சுத்தம் செய்து, தரமான லைனரைத் தறைந்து கொடுப்பவர்கள் கிழக்கிலும் இருக்கிறார்கள். தாங்கள் செய்தது என்னவென்று அவர்கள் மறைப்பதில்லை. பழையதைப் புதிதென்று விற்பது, அதுவும் பிறேக்கில், உயிரோடு விளையாடுவது.

வாங்கும்போது பெட்டியைப் பார்த்துத் திருப்தியடையாமல் சூவை வெளியே எடுத்துப் பாருங்கள். துளைகள் வட்டமாக இருக்க வேண்டும். நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அது ஓடிய இரும்பு. முனைகளிலும் ஓரங்களிலும் நிறத்துக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். லைனர் ஒட்டிய கோடு எங்கும் இடைவெளியின்றி ஒரே சீராக ஓட வேண்டும். பல தரமான லைனர்களின் பக்கவாட்டில் எஃப் எஃப் போன்ற இரண்டு எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வையும், இரண்டாவது சூடேறிய நிலையில் உள்ள உராய்வையும் குறிக்கும். ஆனால் எழுத்தையும் போலியாக அச்சிடலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கழற்றிய பழைய சூக்களை உடனே எறியாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வைத்திருங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். பொருளில் குறை இருந்தால், வாங்கியதிலிருந்து 3 மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பற்றுச்சீட்டின் பிரதி, படங்கள், பெட்டி ஆகியவற்றுடன் நான் எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். பெயர்ந்த சூவை மட்டும் கடைக்காரர் "பரிசோதிக்க" என்று கேட்டபோதும் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

அண்மையில் இவ்வாறு வாங்கிப் பூட்டியவர்கள், பின்சில்லில் கிறீச்சொலியோ கைபிறேக்கின் இழுப்பில் மாற்றமோ தெரிந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு இரு டிரம்களையும் கழற்றிப் பாருங்கள். லைனரின் கனம் 1 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதோடு, அதன் ஓரம் இரும்பை விட்டு விலகியிருக்கிறதா என்பதையும் வெளிச்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சேர்ந்திருக்கும் தூசியை ஊதவோ காற்றடித்து வெளியேற்றவோ கூடாது. மலிவு லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், எனவே முகக்கவசம் அணிந்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து எடுங்கள்.