செஃபாரியாவில் வாரப் பரஷா: ஒரு வசனம், ஒரு குணம், ஏழு நாள்

யூத வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்களான தோராவை வாராவாரம் வாசித்து, அதிலிருந்து நடத்தைக்கு உதவும் ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு யூத நூல்களின் இணைய நூலகமான செஃபாரியாதான் முதலில் சொல்ல வேண்டிய தளம். ஜோஷுவா ஃபோயரும் பிரெட் லாக்ஸ்பைசரும் 2011இல் தொடங்கிய இலாப நோக்கற்ற முயற்சி இது. நன்கொடையில் நடக்கிறது, கட்டணம் எதுவும் கிடையாது. இணையதளமும் உண்டு, கைபேசிச் செயலியும் உண்டு. ஆனால் இது ஒரு நூலகம், பாடத்திட்டம் அல்ல. குணப்பயிற்சிக்கு, அதாவது மூஸாருக்கு, இதைப் பயன்படுத்துவது எப்படி என்று அது தானாகச் சொல்லித் தராது. தொடங்கிய சிலர் பாதியில் விட்டுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். தோரா 54 பரஷாக்களாக, அதாவது வாரப் பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. சிம்ஹாத் தோரா பண்டிகையில் ஒரு சுற்று முடிந்து, அன்றே ஆதியாகமத்திலிருந்து அடுத்த சுற்று தொடங்கும். ஷப்பாத் (சனிக்கிழமை ஓய்வுநாள்) காலையில் ஒவ்வொரு பரஷாவும் ஏழு அலியாக்களாக, அதாவது ஏழு துண்டுகளாக, வாசிக்கப்படும். ஆண்டின் நீளத்தைப் பொறுத்துச் சில வாரங்களில் இரண்டு பரஷாக்கள் சேர்ந்து வரும். தளத்தின் கற்றல் அட்டவணையில் அந்த வாரத்துப் பகுதி எப்போதும் இருக்கும். பண்டிகை நாள் ஷப்பாத்தில் விழுந்தால் இஸ்ரேலுக்கும் வெளிநாடுகளுக்கும் சில வாரங்கள் பரஷா மாறிப்போகும். அப்போது உங்கள் சபை எதை வாசிக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து அமைப்புக்கான குறியைத் தட்டினால் எபிரேயம் மட்டும், மொழிபெயர்ப்பு மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று வழிகள் கிடைக்கும். அலியாப் பிரிவுகளைக் காட்டவும் மறைக்கவும் அங்கேயே வசதி உண்டு. அதைக் காட்டும்படி வைத்துவிடுங்கள். ஞாயிறு முதல் அலியா, திங்கள் இரண்டாவது என்று போனால் நாளொன்றுக்குப் பத்து இருபது வசனங்கள்தான் வரும்.

இனி இந்தத் தளத்தின் உயிர்நாடிக்கு வருவோம். எந்த வசனத்தைத் தட்டினாலும் பக்கத்தில் ஒரு பலகை திறக்கும். உரை, மித்ராஷ் (பழைய வேத விளக்கங்கள்), தல்மூத் (அறிஞர்களின் விவாதத் தொகுப்பு), ஹலாகா (சட்டம்), மூஸார், ஹசிதூத் (ஹசிதிய பக்தி நூல்கள்) என்று அந்த வசனத்தைத் தொடும் நூல்களெல்லாம் வகைவகையாக வரும். இது எவ்வளவு பெரிய கொடை என்பதை ஒரே வசனத்தில் காட்டலாம்.

கெதோஷிம் பரஷா தனியாக வாசிக்கப்படும் ஆண்டில், இரண்டாவது அலியாவில் லேவியராகமம் 19:18 வரும். 'பழிவாங்காதே, வஞ்சம் வைக்காதே.' இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். உரைப் பகுதியில் இடைக்கால உரையாசிரியர் ராஷியைத் திறங்கள். ஒருவன் 'உன் அரிவாளைக் கொடு' என்று கேட்கிறான், அண்டைவீட்டான் மறுக்கிறான். மறுநாள் அந்த அண்டைவீட்டானே வந்து 'உன் கோடாலியைக் கொடு' என்கிறான். 'நீ தரவில்லை, அதனால் நானும் தரமாட்டேன்' என்றால் அது பழி. 'இந்தா எடுத்துக்கொள், நான் உன்னைப் போல இல்லை' என்று சொல்லிக் கொடுத்தால் அது வஞ்சம். பொருள் கைமாறிவிட்டது, வெளியே ஒரு குறையும் இல்லை, ஆனாலும் தடை மீறப்பட்டுவிட்டது. ஒரு வாரம் முழுக்கக் கவனிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

இங்கேயே ஒரு குழியும் இருக்கிறது. பலகையில் தல்மூத் என்பதைத் தட்டினால் யோமா 23அ (தல்மூதின் யோமா நூலில் 23ஆம் தாள், முதல் பக்கம்) வரும். அதில் இதே அரிவாள், கோடாலி எடுத்துக்காட்டு உண்டு (வஞ்சத்துக்கான கதையில் மட்டும் கேட்கப்படும் பொருள் சட்டையாக மாறும்). ஆனால் பலகை காட்டுவது அந்த ஒரு துண்டை மட்டும். அதை வாசித்து மூடிவிட்டால் பாதிதான் கிடைக்கும். முந்தைய துண்டுகளுக்குப் போனால், 'பாம்பைப் போலப் பழிவாங்காத, வஞ்சம் வைக்காத அறிஞன் அறிஞனே அல்ல' என்ற ஒரு கூற்று நிற்கும். அப்படியானால் வசனம் என்னாவது என்ற கேள்விக்குத்தான், வசனம் பொருள் சார்ந்த விஷயங்களுக்கு என்று பதில் சொல்லி அரிவாளை எடுக்கிறார்கள். அதன்பிறகு அவமானப்பட்டவனின் வலியைப் பற்றிப் பேச்சு தொடர்கிறது. தனக்கு நேர்ந்ததை விட்டுக்கொடுப்பவனுக்கு அவன் பாவங்களும் விட்டுக்கொடுக்கப்படும் என்று தல்மூத் அறிஞர் ராவா சொன்னதும், மன்னிப்புக் கேட்டு வருபவரிடம் இளகுவதும் அதற்கடுத்து வருகின்றன. அரிவாளை மறுத்தவனிடம் காட்ட வேண்டிய நடத்தையும், அவமானப்படுத்தியவனிடம் காட்டக்கூடிய நடத்தையும் வேறுவேறாகவே அலசப்படுகின்றன. இது தெரியாமல் 'எல்லாவற்றையும் மறந்துவிடு' என்று ஒற்றை வரியாக்கிக்கொண்டால் அந்த வாரப் பயிற்சியே பொய்யாகிவிடும். ஆகவே விதி எளியது: தல்மூத் துண்டைத் தட்டியதும் தனிப் பக்கமாகத் திறந்து, மேலே ஐந்து துண்டு, கீழே ஐந்து துண்டு வாசியுங்கள்.

தல்மூதுக்கு இங்கே ரப்பி ஆதீன் ஸ்டெய்ன்சால்ட்ஸ் பதிப்பின் ஆங்கிலம் 2017 முதல் கிடைக்கிறது. அதில் தடித்த எழுத்து நேர் மொழிபெயர்ப்பு, மெல்லிய எழுத்து விளக்கம். இந்த வேறுபாடு தெரியாமல் மெல்லிய எழுத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறைய.

நோவா பரஷாவில் இன்னொன்று. ஆதியாகமம் 7:8இல் அசுத்தமான மிருகத்தை 'அசுத்தமானது' என்று ஒரே சொல்லில் சொல்லாமல் 'சுத்தமாக இல்லாத மிருகம்' என்று சுற்றிச் சொல்கிறது. அவலட்சணமான சொல் வாயில் வரக்கூடாதென்று தோரா எட்டு எழுத்துகளைக் கூடுதலாகச் செலவழித்தது என்பார் ரப்பி யெஹோஷுவா பென் லேவி, தல்மூதின் பெஸாஹிம் 3அ பக்கத்தில். எபிரேய எழுத்து தெரிந்தவர் எண்ணியே பார்த்துவிடலாம். மொழிபெயர்ப்பு மட்டும் வாசிக்கிறவருக்கு இந்த நுணுக்கம் கண்ணில் படவே படாது. அதனால்தான் இருமொழி அமைப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், எபிரேயம் அரைகுறையாகத் தெரிந்தாலும்கூட.

குறைகளும் உண்டு. இணைப்புகள் அளவுக்கு மீறியவை. 19:18 போன்ற வசனத்துக்குப் பலகையில் வரும் வரிசையைப் பார்த்தாலே மலைப்பு வரும், எது முக்கியம் என்று தளம் தரம் பிரிக்காது. முதலில் ராஷி, அடுத்து ஒரு மித்ராஷ் அல்லது தல்மூத், கடைசியில் மூஸார் வகையில் ஒன்று, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல பிற்கால உரைகளுக்கு மொழிபெயர்ப்பு இல்லை, எபிரேயம் மட்டுமே. தளத்தின் பக்கங்களும் ஆங்கிலத்திலும் எபிரேயத்திலும்தான். பயனர்கள் தொகுக்கும் மூலத்தாள்களை (மேற்கோள் தொகுப்புகளை) யார் வேண்டுமானாலும் எழுதலாம். சில அருமை, சில பொறுப்பில்லாதவை. ஒரு தாளில் மேற்கோளுக்கு மூல இணைப்பு இல்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்து வாசிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வசன எண்கள் சில இடங்களில் பொருந்தாது. ஆதியாகமம் 31:55 இங்கே 32:1. யாத்திராகமம் 8இன் முதல் நான்கு வசனங்கள் இங்கே 7:26 முதல் 29 வரை. அந்த அதிகாரங்கள் வரும் வாரம் எண்ணை நம்பாமல் சொற்களைப் பார்த்துச் சேருங்கள்.

பயிற்சிக்கு வருவோம். 1808இல் யூத எழுத்தாளர் மெனாஹெம் மெண்டல் லெஃபின் வகுத்த முறையில் குணங்கள் 13: பொறுமை, ஒழுங்கு, பணிவு, நீதி, மௌனம், உண்மை முதலியவை. வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு நான்கு சுற்று, 52 வாரம். பரஷாச் சுற்றும் ஆண்டுச் சுற்றுதான் என்பதால் இரண்டையும் பிணைத்துப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். பணிவுக்கான வாரத்தில் கூடாரத்தின் பலகை அளவுகள் வந்து நிற்கும், அதிலிருந்து பணிவைப் பிழிந்தெடுக்க வேண்டியிருக்கும். வசனம் எந்தக் குணத்தைத் தருகிறதோ அதை அந்த வாரத்துக்கு எடுப்பதே நேர்மை. மிரியாமின் பேச்சு வரும் எண்ணாகமம் 12க்கு நாவடக்கம். ஆபிரகாம் 'ஒரு துண்டு அப்பம்' என்று சொல்லிவிட்டு இளங்கன்றையே சமைத்து வைக்கும் ஆதியாகமம் 18க்கு, குறைவாகச் சொல்லி நிறையச் செய்தல்.

குணத்தைச் செயலாக்கிச் சுருக்குங்கள். 'வஞ்சம் வைக்கமாட்டேன்' என்பது அளக்க முடியாதது. 'கேட்டதைக் கொடுக்கும்போது பழைய மறுப்பை நினைவூட்டும் ஒரு சொல்லும் சேர்க்கமாட்டேன்' என்பது அளக்கக்கூடியது. தவறினால் இரவில் ஒரு புள்ளி, அவ்வளவே. தளத்தில் கணக்கு வைத்திருந்தால் அந்த வசனத்தோடு தனிக்குறிப்பாகவே எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு அதே பரஷா வரும்போது குறிப்பு அங்கேயே காத்திருக்கும். இந்த ஒரு வசதிக்காகவே கணக்குத் தொடங்கலாம்.

ஷப்பாத்தைக் கைக்கொள்கிறவர்கள் அன்று திரையைத் தொடமாட்டார்கள். தேர்ந்தெடுத்த வசனம், ராஷி, தல்மூத் பகுதி மூன்றையும் ஒரு மூலத்தாளில் சேர்த்து, வெள்ளி சூரியன் மறைவதற்கு முன்பே அச்சிட்டு மேசையில் வைத்துவிடுங்கள். எழுத்தளவை ஒருபடி கூட்டி அச்சிடுங்கள், ராஷியின் உயிர்க்குறிகள் சிறிய எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.