40 சைஸ் ட்ரெய்னருக்கான மின்மோட்டார் கிட்: மோட்டார் சரி, மவுண்ட் சரியில்லை

0.40 கன இன்ச் கிளோ எஞ்சினில் (மெத்தனால் எரிபொருளில் ஓடும் சின்ன எஞ்சின்) ஓடிய பழைய ஆர்சி ட்ரெய்னரை, அதாவது பழகுவதற்கான ரிமோட் விமானத்தை, மின்சாரத்துக்கு மாற்ற, பிராண்ட் பெயர் இல்லாமல் வரும் கிட் இது. உள்ளே 670 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 670 சுற்று) அவுட்ரன்னர், அதாவது வெளிக்கூடு சுற்றும் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 60 ஆம்பியர் ஈஎஸ்சி, 12 இன்ச் விட்டமும் 6 இன்ச் பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பல்லர், மோட்டாரை முன்னே தள்ளி நிறுத்தும் நான்கு அலுமினிய ஸ்டாண்டாஃப். பேட்டரி தனியாக வாங்க வேண்டும். 4எஸ் (நான்கு செல்) 5000 எம்ஏஎச் லைப்போ பொருந்தும்.

மோட்டாரில் குறையில்லை. முழு த்ராட்டிலில் வாட்மீட்டர் 40 ஆம்பியர், 14.5 வோல்ட் காட்டுகிறது; அதாவது 580 வாட். கிலோவுக்கு 220 வாட் என்று கணக்கு வைத்தால் 2.5 கிலோ ட்ரெய்னருக்குத் தாராளம். ஆசைப்பட்டு 13க்கு 8 புரொப் மாட்டாதீர்கள், ஈஎஸ்சி தாங்கும் அளவின் விளிம்புக்கே போய்விடும். பேட்டரியில் 80 சதவீதம்தான் செலவழிக்கலாம் என்பதால் டைமரை 8 நிமிடத்துக்கு வையுங்கள்.

சொதப்புவது மவுண்ட். கிளோ எஞ்சினைவிட அவுட்ரன்னர் நீளம் குறைவு. கிட்டில் வரும் ஸ்டாண்டாஃப் போதாமல் புரொப் கௌலிங்கில் (மூக்கு மூடியில்) உரசும். பழைய எஞ்சினில் ஃபயர்வாலிலிருந்து (எஞ்சின் மாட்டியிருக்கும் முன்பலகை) புரொப் வாஷர் வரை எவ்வளவு என்று கழற்றும் முன்பே அளந்துகொண்டு, அதில் மோட்டாரின் நீளத்தைக் கழித்து, சென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் மீதி நீளத்துக்கு நான்கு ஸ்டாண்டாஃப் கடைந்து வாங்குங்கள். எஞ்சினுக்கு வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இருந்த சாய்வு மோட்டாருக்கும் அப்படியே இருக்க வேண்டும். அந்தச் சாய்வுக்கு வைத்த பழைய வாஷர்களைத் தொலைத்துவிடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது ஃபயர்வால் மரம். கிளோ எரிபொருளில் கலந்த எண்ணெய் பல வருடமாக பிளைவுட்டில் ஊறியிருக்கும். அதன் மேல் எபாக்ஸி வைத்தால் ஒட்டின மாதிரி இருந்து, மோட்டார் அதிர்வில் தகடாகப் பெயர்ந்து வரும். சோளமாவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குழைத்து அப்பி, காய்ந்ததும் சுரண்டுங்கள். மாவு மஞ்சளாக வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு சாண்ட்பேப்பர், அதன் பிறகுதான் பசை. கிட்டோடு வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

டேங்க் இருந்த இடத்தில் பேட்டரி உட்காரும். ஆனால் சிஜி (விமானத்தின் எடை சமநிலைப் புள்ளி) பழைய இடத்தில் வருகிறதா என்று பார்த்த பிறகே வெல்க்ரோ ஸ்ட்ராப் போடுங்கள். காற்று நுழையும் துளையைவிட வெளியேறும் துளை ஒன்றரை மடங்காவது பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் மே மாத வெயிலில் ஈஎஸ்சி சூடாகி நடுவானில் கட் ஆகும். ஈஎஸ்சியின் பிஇசி (ரிசீவருக்கும் செர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) லீனியர் வகை; நான்கு செர்வோ (விமானத்தின் திசைத் தகடுகளை அசைக்கும் சின்ன மோட்டார்) இருந்தால் ரிசீவருக்குப் போகும் அதன் சிவப்பு ஒயரைப் பிரித்துவிட்டு, தனியாக 5 வோல்ட் 3 ஆம்பியர் ஸ்விட்சிங் பிஇசி போடுங்கள். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும். த்ராட்டில் கேலிப்ரேஷன் (ரிமோட் த்ராட்டிலின் எல்லைகளை ஈஎஸ்சிக்குப் பழக்குவது) முடியும் வரை புரொப்பைக் கழற்றியே வையுங்கள். கை விரலைக் காப்பாற்றுவது அதுதான்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் புல்லட் கனெக்டர் சீக்கிரம் பச்சை பூக்கும். கிட்டில் பேட்டரி பக்கம் வருவதை வெட்டிவிட்டு எக்ஸ்டி60 கனெக்டர் சால்டர் செய்யுங்கள். மோட்டார் பேரிங்குக்கு அவ்வப்போது ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். பறக்காத நாட்களில் லைப்போ செல்லுக்கு 3.8 வோல்ட்டில் இருக்கட்டும். எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகங்கள் இருப்பதால், விமானத்தைப் பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா (முன்அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய இடமா) என்று பாருங்கள்.

மோட்டாருக்காக வாங்கலாம். ஸ்டாண்டாஃபுக்கும் கனெக்டருக்கும் பிஇசிக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.