ஸ்மோக்கர் வாங்கும் முன்: தீயை யார் பார்த்துக்கொள்வது?

வீட்டுத் தோட்டத்தில் வைத்து இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கர்களில் ஆறேழு வகைகள் விற்கின்றன. பார்க்க எப்படி இருந்தாலும் எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான்: 107 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் சூட்டைப் பல மணி நேரம் நிலையாக வைத்திருக்க வேண்டும், சுத்தமான புகையை இறைச்சிமேல் ஓடவிட வேண்டும். அந்த வேலையில் எவ்வளவு கருவி செய்யும், எவ்வளவு உங்கள் தலையில் விழும் என்பதில்தான் வித்தியாசம். அதனால் அளவையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னால், எட்டு மணி நேரம் தீயை விட்டு நகராமல் இருக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான புகை என்றால் கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற மெல்லிய நீலப் புகை. புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகத் திரண்டு வந்தால் விறகு சரியாக எரியவில்லை, கனன்று புகைகிறது என்று அர்த்தம். அந்தப் புகையில் இருக்கும் தார் இறைச்சியில் படிந்து கசக்கும், நாக்கு மரத்துப்போகும். காற்று போதாததும் ஈர விறகும்தான் பெரும்பாலும் காரணம். சூடு ஏறுகிறதே என்று மேல் துவாரத்தை மூடுபவர்கள் இந்தக் கசப்பைத் தாங்களே வரவழைக்கிறார்கள். மேல் துவாரம் எப்போதும் திறந்திருக்கட்டும், சூட்டைக் கீழ்த் துவாரத்தில் கட்டுப்படுத்துங்கள். விறகுத் துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைப்பதும் வேண்டாம். நீர் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் உள்ளே போவதில்லை. அது ஆவியாகும் வரை நல்ல புகை வராது, அவ்வளவுதான்.

ஆஃப்செட் வகையில் நெருப்பறை ஒரு பக்கம், இறைச்சி வைக்கும் நீள உருளை இன்னொரு பக்கம். சூடும் புகையும் உருளை வழியே ஓடி மறுமுனைப் புகைபோக்கியில் வெளியேறும். கட்டை விறகையே முழு எரிபொருளாக வைத்துச் சமைக்க இதுதான் சரியான அமைப்பு. நன்றாக எரியும் விறகின் மணத்தை இந்த அளவுக்கு வேறு எதுவும் தருவதில்லை. ஆனால் அது கேட்கும் உழைப்பும் அதிகம். முதலில் கரியில் தணல் படுகை அமைத்து, அதன்மேல் மணிக்கட்டுப் பருமனில் 30 செ.மீ. நீளமுள்ள பிளந்த விறகை 30 முதல் 45 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். அடுத்த கட்டையை நெருப்பறையின் மேல்தகட்டில் வைத்துச் சூடேற்றிக்கொண்டால், உள்ளே போட்டதும் தீ பற்றிக்கொள்ளும். குளிர்ந்த கட்டையைப் போட்டால் பல நிமிடங்களுக்கு வெள்ளைப் புகைதான். விறகின் ஈரம் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

ஆஃப்செட்டில் முதலில் பார்க்க வேண்டியது தகட்டின் தடிமன். 6 மி.மீ. எஃகுத் தகடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து மூடினாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். கடைகளில் அதிகம் தென்படுகிற 2 மி.மீ. தகட்டுக்காரர்கள் காற்றடித்தால் குளிர்ந்துவிடுவார்கள், ஒரு கட்டை போட்டால் கொதிப்பார்கள். நெருப்பறைப் பக்கத்துக்கும் புகைபோக்கிப் பக்கத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் இதில் சாதாரணம். மூடி விளிம்பில் புகை கசிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெப்பம் தாங்கும் கேஸ்கெட் பட்டை ஒட்டலாம், நெருப்பறை வாயில் தடுப்புத் தகடு வைக்கலாம், புகைபோக்கியை உள்ளே கம்பித்தட்டு மட்டம் வரை நீட்டலாம். இத்தனையும் செய்தாலும் மெல்லிய தகடு மெல்லிய தகடுதான். தடிமனான ஆஃப்செட் வாங்க முடியாவிட்டால் இந்த வகையையே விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. ரிவர்ஸ் ஃப்ளோ என்று ஒரு மாற்று உண்டு. கம்பித்தட்டுக்குக் கீழே நீளமான தகடு ஒன்று இருக்கும். புகை அதன் அடியில் ஓடி, திரும்பி, மேல்வழியாக வரும். சூடு பரவலாக இருக்கும். ஆனால் காய்வதற்கு நேரம் பிடிக்கும், தகட்டில் சேரும் கொழுப்பை ஒவ்வொரு முறையும் வழித்தெடுக்க வேண்டும்.

முதல் ஸ்மோக்கர் வாங்குபவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது, துப்பாக்கிக் குண்டு வடிவில் நிமிர்ந்து நிற்கும் வாட்டர் ஸ்மோக்கர். வெபர் நிறுவனம் 1981 முதல் விற்றுவரும் ஸ்மோக்கி மவுண்டன் இந்த வகையில் பெயர் பெற்றது. கீழே கரி வளையம், நடுவில் நீர்த்தட்டு, அதற்கு மேல் இரண்டு கம்பித்தட்டுகள். வேறு அசையும் பாகமே இல்லை. சுமார் 14, 18, 22 அங்குல விட்டங்களில் வருகிறது. 18 அங்குலம் ஒரு குடும்பத்துக்கும் வரும் விருந்தினருக்கும் போதும். 22 அங்குலம் கரியை விழுங்கும். 14 அங்குலத்தில் நீளமான விலா எலும்புத் துண்டுகளை வெட்டாமல் வைக்க முடியாது.

இதை இயக்கும் முறையைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வளையம் நிறையப் பற்றவைக்காத அச்சுக்கரியைக் கொட்டி, நடுவில் ஒரு குழி விட்டு, கைப்பிடி அளவு விறகுத் துண்டுகள் மூன்று நான்கைக் கரிக்குள்ளேயே புதையுங்கள். தனியாகப் பற்றவைத்து மேலே சாம்பல் பூத்த 15 முதல் 20 கரிகளை அந்தக் குழியில் போடுங்கள். தீ நடுவிலிருந்து மெல்ல வெளிப்பக்கம் பரவும். ஒரே நிரப்பலில் 8 முதல் 12 மணி நேரம் ஓடும். கீழே உள்ள மூன்று துவாரங்களையும் முழுதாகத் திறந்து தொடங்கி, 95 டிகிரி வந்ததும் கால் பங்குக்குக் குறைத்துவிட வேண்டும். 120 வரட்டும் என்று காத்திருந்தால் அது 150-ஐத் தாண்டிவிடும், அதற்குள் கரியில் பாதி பற்றிவிட்டிருக்கும். ஏறுகிற சூட்டைப் பிடிப்பது எளிது, ஏறிவிட்ட சூட்டை இறக்குவது கடினம்.

நீர்த்தட்டின் முதல் வேலை சூட்டைத் தணிப்பது. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் மிஞ்சும் வெப்பத்தை ஆவியாகி வாங்கிக்கொள்கிறது. தட்டு வற்றிவிட்டால் சூடு திடீரென ஏறும், ஆகவே மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஊற்றும்போது வெந்நீராக ஊற்றுங்கள். தட்டுக்கு அலுமினியத் தாள் சுற்றிவிட்டால், கொழுப்பு மிதக்கும் தண்ணீரைக் கொட்டியபின் தேய்த்துக் கழுவும் வேலை மிச்சம். இந்த வகையின் குறை பக்கக் கதவு. மெல்லிய தகடு என்பதால் வளைந்து இடைவெளி விடும், அதன் வழியே காற்று புகும். கதவைக் கையால் வளைத்து உடலோடு பொருந்தச் செய்யுங்கள். புதிய கருவி முதல் சில சமையல்களில் சற்றுக் கூடுதல் சூட்டில் ஓடும். புகைப்பிசின் இடுக்குகளை அடைத்தபின் அடங்கும். கீழ்த்தட்டில் இருக்கும் இறைச்சியைத் தொட மேல்தட்டைத் தூக்கியே ஆக வேண்டும் என்பது இன்னொரு தொல்லை.

கமாடோ தடித்த பீங்கான் சுவர் கொண்டது. 1974-இல் தொடங்கிய பிக் கிரீன் எக் இதைப் பரவலாக்கிய பெயர்களில் ஒன்று. சுவர் வெப்பத்தை விடுவதில்லை என்பதால் மிகச் சிறிய தீயே போதும். ஒரு நிரப்பல் கட்டிக்கரியில் 12 மணி நேரத்துக்கு மேலும் ஓடும், மழைக்கும் குளிருக்கும் அசையாது. காற்றோட்டம் குறைவு, ஆகவே இறைச்சியின் ஈரமும் நிற்கும். ஆனால் 150 டிகிரிக்குப் போய்விட்ட கமாடோ 110-க்கு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். தீயையும் இறைச்சியையும் பிரிக்கும் பீங்கான் தடுப்புத் தகடு இல்லாமல் இதில் புகைச்சமையல் கிடையாது. அது சேர்ந்து வருகிறதா, தனியே வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைச் சட்டென்று தூக்கினால் காற்று உள்ளே பாய்ந்து தீ முகத்தில் அடிக்கும். இரண்டு அங்குலம் திறந்து, சில நொடி நிறுத்தி, பிறகு முழுதாகத் திறக்க வேண்டும். பற்றவைக்க எரிதிரவம் ஊற்றவே கூடாது, பீங்கான் அந்த வாடையை உறிஞ்சிக்கொள்ளும்.

டிரம் ஸ்மோக்கர் ஒரு பீப்பாய், அடியில் கரிக்கூடை, மேலே கம்பித்தட்டு, அவ்வளவே. கொழுப்பு நேராகத் தணலில் சொட்டிப் புகைவதால் தனிச் சுவை. 135 டிகிரியை ஒட்டி ஓடுவதால் கோழிக்கும் விலாவுக்கும் அருமை. பழைய பீப்பாயை வைத்து நீங்களே செய்வதானால் உணவுப்பொருள் இருந்ததாக உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எடுங்கள், உள்பூச்சு இருந்தால் முழுதாக எரித்துச் சுரண்டுங்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டவே வேண்டாம், சூட்டில் நச்சுப்புகை விடும்.

தீயைப் பார்க்க நேரமே இல்லாதவர்களுக்கு பெல்லட் ஸ்மோக்கர். தொட்டியில் உள்ள பெல்லட் எனும் அழுத்திய மரத்தூள் குச்சிகளை ஒரு திருகுத்தண்டு சிறிது சிறிதாக எரிகிண்ணத்துக்குத் தள்ளும், மின்சாரத்தில் சூடேறும் கம்பி பற்றவைக்கும், விசிறி காற்று தரும், கட்டுப்பாட்டுப் பெட்டி சூட்டைப் பார்த்து வேகத்தை மாற்றும். குறைந்த சூட்டில் மணிக்கு அரை முதல் ஒரு கிலோ வரை செலவாகும். சூடு நிலையாக இருப்பதில் குறை சொல்ல முடியாது. புகைச்சுவை மட்டும் மென்மையாகத்தான் இருக்கும், ஏனென்றால் சிறு தீ விசிறிக் காற்றில் மிகச் சுத்தமாக எரிந்துவிடுகிறது. முதல் இரண்டு மணி நேரம் 95 முதல் 105 டிகிரியில் ஓட்டினால் சுவை கூடும். கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். நனைந்த பெல்லட் தூளாக உப்பி, திருகுத்தண்டில் சிமென்ட் போல இறுகிவிடும். மோட்டாரைக் கழற்றித் துளைத்தெடுக்க வேண்டிவரும். நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் தொட்டியைக் காலி செய்யுங்கள். எரிகிண்ணத்தில் சாம்பல் நிறைந்தால் தீ அணையும், பெல்லட் மட்டும் குவியும். அந்த நிலையில் அப்படியே மறுபடி இயக்கினால் குவியல் முழுதும் ஒரே நேரத்தில் பற்றும். ஆகவே முதலில் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.

மின் அலமாரி வகை மீனுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பொருத்தம். அதன் உச்சம் பெரும்பாலும் 135 டிகிரிதான், கோழித்தோல் ரப்பராகத்தான் வரும். உள்ளே கரியோ விறகோ முழுதாக எரிவதில்லை, ஆகவே இறைச்சியை வெட்டினால் விளிம்பில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் பெரும்பாலும் கிடைக்காது. கேஸ் அலமாரி இதைவிடச் சூடாகும், காற்றில் அணைந்துபோகும்.

மூடியுள்ள வட்டக் கரியடுப்பு ஏற்கெனவே இருந்தால் அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். உள்சுவரை ஒட்டி அச்சுக்கரியை இரண்டு வரிசை அகலம், இரண்டு அடுக்கு உயரம் என்று அரைவட்டமாக அடுக்கி, ஒரு முனையில் பத்துக் கரியைப் பற்றவைத்தால், ஐந்தாறு மணி நேரம் மெல்ல ஊர்ந்து எரியும். விறகுத் துண்டுகளை வரிசைமேலேயே இடைவெளி விட்டு வையுங்கள். இது பிடித்துப்போன பிறகு தனி ஸ்மோக்கருக்குச் செலவு செய்யலாம்.

எந்த வகையானாலும் மூடியில் பதித்த தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். அது இறைச்சிக்கு மேலே வெகு தூரத்தில் இருக்கிறது, 20 டிகிரி வரை தவறு காட்டும். இரண்டு கம்பியுள்ள டிஜிட்டல் கருவி வாங்கி, ஒன்றைக் கம்பித்தட்டிலும் இன்னொன்றை இறைச்சிக்குள்ளும் வையுங்கள். பனிக்கட்டி கரையும் நீரில் அது 0 காட்ட வேண்டும். பெரிய தோள்பட்டைத் துண்டு உள்ளே 65 முதல் 75 டிகிரிக்குள் மணிக்கணக்கில் நின்றுவிடும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம், ஸ்மோக்கர் பழுதல்ல. அப்போது தீயைக் கூட்டாமல் காத்திருங்கள், அல்லது இறைச்சியை அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள். 93 முதல் 96 வரை போனால்தான் பிய்த்தெடுக்க வரும். கோழிக்கு 74 போதும்.

வாங்கி வந்த அன்று இறைச்சி வைக்காதீர்கள். எஃகு ஸ்மோக்கரின் உட்புறம் மெல்லியதாகச் சமையல் எண்ணெய் தடவி, 135 டிகிரிக்கு மேல் இரண்டு மூன்று மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். தொழிற்சாலை எண்ணெய் வாடை போய்விடும். கரி, விறகு, பெல்லட் எதுவானாலும் கார் நிறுத்துமிடத்திலோ மூடிய தாழ்வாரத்திலோ பற்றவைக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அணைந்ததுபோல் தெரியும் சாம்பலில் மறுநாளும் கங்கு இருக்கலாம், ஆகவே மூடியுள்ள உலோக வாளியில் கொட்டிவைத்து முழுதாக ஆறிய பிறகே குப்பையில் போடுங்கள்.