பைப்ஃபிஷ்ஷுக்காக வாங்கிய ஆர்ட்டிமியா தட்டு

சிங்கப்பூர் வீட்டின் ரீஃப் தொட்டியில் (பவளப்பாறை வைத்த கடல்நீர்த் தொட்டி) நீலக்கோடு பைப்ஃபிஷ் என்ற, கடல்குதிரைக்குச் சொந்தமான மீன் ஒரு ஜோடி வளர்க்கிறேன். 7 செ.மீ. நீளம்தான், ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. இவற்றுக்கு இரைப்பையே கிடையாது. தின்றது குடல் வழியே சீக்கிரம் போய்விடுவதால் நாளுக்கு மூன்று முறையாவது பொடிசான இரை வேண்டும். உறைந்த மைசிஸை (இறால் போன்ற சின்னக் கடலுயிரி) முதல் இரண்டு வாரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆண்மீனின் அடிப்பக்கம் ஒட்டிப்போனதைப் பார்த்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் உயிருள்ள இரைக்காக, ஆர்ட்டிமியா என்ற பொடி உப்புநீர் இறாலைப் பொரிக்கும் இந்தத் தட்டை வாங்கினேன். கறுப்பு வட்டத் தட்டு, மூடி, நடுவில் சின்ன வலைக்கிண்ணம். காற்றுப் பம்பு வேண்டாம். உப்புநீர் ஊற்றி ஓரத்தில் முட்டையைத் தூவி மூடினால் சரி. எங்கள் அறையின் 28 டிகிரியில் ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடுகிறது. நடுவில் விழும் வெளிச்சத்தைத் தேடிக் குஞ்சுகள் நீந்தி வர, ஓடுகள் ஓரத்திலேயே தங்கிவிடுகின்றன. பாட்டிலில் பொரித்தபோது ஓட்டைப் பிரிப்பதே பெரும்பாடு.

குறை என்றால் அளவுதான். இரண்டு மீனுக்குப் போதும், நான்குக்குப் போதாது. நான் இரண்டு தட்டுகளை ஒரு நாள் இடைவெளியில் ஓடவிடுகிறேன். பொரித்த சில மணி நேரத்தில் குஞ்சின் சத்து குறைந்துவிடும், உடனே கொடுத்துவிடுங்கள். தொட்டிப் பம்பை நிறுத்திவிட்டு பிப்பெட்டால் (சொட்டுக்குழாய்) பாறையோரம் விடுவேன்.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே பைப்ஃபிஷ் 1972 வனவிலங்குச் சட்டம் காக்கும் இனம், வீட்டில் வளர்க்கக் கூடாது.

இப்போது ஆண்மீன் வயிற்றடியில் முட்டை சுமக்கிறது. மூன்றாவது தட்டுக்குச் சொல்லிவிட்டேன்.