நெல்லையிலிருந்து கொச்சிக்கு அவே மேட்ச் வேன்: ஒரு பி.டி. டீச்சரின் மதிப்பீடு

பாளையங்கோட்டையிலிருந்து கொச்சிக்கு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டம் பார்க்க ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் டெம்போ டிராவலர் ஒன்று ஓடுகிறது. ஆபீஸ், போர்டு எதுவும் கிடையாது. சாயங்காலம் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் பந்து விளையாடும் எந்தப் பையனிடம் கேட்டாலும் நம்பர் தருவான். நடத்துகிறவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பலர் என்னிடம் கேட்டதால் இதை எழுதுகிறேன். போகலாம். எதனால் அப்படிச் சொல்கிறேன், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம்ம ஜில்லாக்காரர்களுக்குச் சென்னையின் எஃப்.சி.தான் சொந்த அணி. ஆனால் அதன் சொந்த மைதானம் 600 கிலோமீட்டருக்கு அந்தப்புறம் பெரியமேட்டில் இருக்கிறது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் கொச்சி கலூர் மைதானம் ஏறக்குறைய அதில் பாதித் தூரம்தான். ஆக, நமக்கு ஹோம் மேட்சைவிட, எதிரணி ஊரில் நடக்கும் அவே மேட்ச்தான் பக்கம். சென்னைக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளியாக வந்துபோகும் அந்த கேலரிதான் நமக்கு வழக்கமாக உட்காரும் இடம். அங்கே நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது அதனால் நமக்குச் சின்ன விஷயம் இல்லை. அண்ணாச்சிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்தச் சேவையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரயிலில் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். போகும்போது பாலருவி எக்ஸ்பிரஸ் அருமையான வண்டி. ராத்திரி ஏறினால் காலையில் எர்ணாகுளம் டவுன், அங்கிருந்து கலூர் கொஞ்ச தூரம்தான். திரும்புவதுதான் சிக்கல். ஆட்டம் இரவு 7.30-க்கு என்றால், நம்ம ஊருக்கு வரும் பாலருவி அதற்குள் எர்ணாகுளத்தைத் தாண்டியிருக்கும். நடுராத்திரியில் பஸ் மாறி மாறி வர ஆம்பளைப் பையன்களால் முடியும். பதினாறு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்ய மாட்டேன். அதனால்தான் வேன்.

நான் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனது 2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு. அவள் அப்போது பிளஸ் ஒன், ஸ்கூல் டீமில் டிஃபெண்டர். அப்போது தலைக்கு 1,400 ரூபாய். காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும் அதில் சேர்த்தி, மேட்ச் டிக்கெட் தனி. கார்த்திகை மாதம் என்பதால் செங்கோட்டை, ஆரியங்காவு ரோடு முழுக்க ஐயப்பமார் வண்டிகள். அந்தப் பக்கம் பந்தளம், செங்கன்னூர் வரை அதே நெருக்கடிதான். அண்ணாச்சி இதைக் கணக்குப் போட்டு விடிகாலை 4 மணிக்கே வண்ணார்பேட்டையிலிருந்து வண்டியை எடுத்துவிட்டார். ஆலங்குளம், தென்காசி, புளியரை, புனலூர், கோட்டயம் வழி. மலைப்பாதை வளைவுகளில் டிரைவர் ஒரு இடத்தில்கூட முந்தவில்லை. சீட் சுமார்தான், சாயாது. கால் நீட்ட வேண்டும் என்றால் முன்பக்கம் கேட்டு வாங்குங்கள்.

வண்டியில் ஏறும்போது ஒரே ஒரு சோதனை: குடித்திருந்தால் ஏற்ற மாட்டார். பணமும் திரும்பக் கிடைக்காது. அன்று ஒருவர் அப்படி நின்றுவிட்டார், வண்டி அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது. உவரியிலிருந்து ஐந்தாறு பையன்கள், மேலப்பாளையம், கடையநல்லூர் ஆட்கள், சவேரியார் கல்லூரி மாணவர்கள், பிறகு நாங்கள். பெண்கள் என்று பார்த்தால் நாங்களும் இன்னொரு குடும்பமும்தான்.

தென்மலை தாண்டியதும் அண்ணாச்சி எழுந்து நின்று பேசினார். ஒவ்வொரு ட்ரிப்பிலும் இது உண்டாம். முதல் நாள் ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு படமாக விதிகளை அனுப்பிவிடுகிறார். எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால் அதை யாரும் படிப்பதில்லை. நேரில் சொன்னது மனதில் நின்றது.

“சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போறோம்னு நெனச்சுக்கோங்கலே. சத்தமாச் சிரிக்கலாம், பாடலாம். அவுக வீட்டுப் பொம்பளையாளுகளப் பத்தி ஒரு வார்த்தை வரப்பிடாது.”

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா, அக்கா பெயரை இழுக்கும் வசவு கூடாது. சாதிப் பெயர் கூடாது. எதிரணி ஆள் அடிபட்டுக் கிடந்தால் ட்ரம் நிற்க வேண்டும், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது கை தட்ட வேண்டும். முல்லைப் பெரியாறு பேச்சை யார் எடுத்தாலும் பதில் பேசாமல் சிரித்துவிட்டு நகர வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. தமிழ்நாடும் கேரளமும் மோதும் ஆட்டத்தில் வாய்த்தகராறு எந்த இடத்தில் கைகலப்பாக மாறும் என்று தெரிந்த ஆள்தான் இதைத் தனியாக எடுத்துச் சொல்ல முடியும். நம்ம அணியின் நீல ஜெர்சிக்கு மேல் ஒரு சட்டை போட்டுக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் நடக்க வேண்டும், நம்ம பகுதிக்குள் போனதும் கழற்றிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. பயந்து ஒளிவதற்காக இல்லை, பிளாஸ்டர்ஸ் ரசிகர்களின் ஆயிரக்கணக்கான மஞ்சள் சட்டைகளுக்கு நடுவில் வீணாக யாரையும் சீண்ட வேண்டாம் என்பதற்காக என்றார்.

உள்ளே போனபின் நான் முக்கியமாகக் கவனித்தது யார் எங்கே நிற்பது என்பதைத்தான். டிக்கெட்டில் எந்த சீட் எண் இருந்தாலும் அவே பகுதியில் தொண்ணூறு நிமிஷமும் நின்றுகொண்டு பாடுவது பல நாடுகளில் வழக்கம். ஆனால் எல்லோராலும் நிற்க முடியாது, நிற்பவருக்குப் பின்னால் இருக்கும் சின்னப்பிள்ளைக்கு ஆட்டமும் தெரியாது. அண்ணாச்சி பிள்ளைகளையும் வயதானவர்களையும் முன்வரிசையில் உட்கார வைத்தார். நிற்பவர்கள், கொடிக்காரர்கள், ட்ரம் எல்லாம் பின்னால். பந்து ஓடும்போது கொடி இறங்கியிருக்க வேண்டும். கோல், கார்னர், இடைவேளை என்றால் ஏற்றலாம். ஒன்றே ஒன்றுதான் குறை. ட்ரம் எங்களுக்கு நேர் பின்னால் ரொம்ப நெருக்கமாக வந்துவிட்டது. முதல் பாதி முழுவதும் அக்கா மகள் காதைப் பொத்திக்கொண்டுதான் பார்த்தாள். இடைவேளையில் சொன்னதும் தள்ளி வைத்தார்கள். சொல்லாமலே செய்திருக்க வேண்டும்.

அங்கே சென்னையிலிருந்து வந்த ரசிகர்கள் நம்மைவிட அதிகம். அவர்களோடு ஒரு கேப்போ இருந்தார், அதாவது ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பாட வைக்கும் ஆள். அவர் ஒரு பாட்டை எடுத்தபோது உவரிப் பையன்கள் தாங்களாக வேறொரு கோஷத்தை ஆரம்பித்தார்கள். இரண்டு சத்தமும் மோதி ஒன்றுமே கேட்கவில்லை. அண்ணாச்சி உடனே போய் நிறுத்திவிட்டார். பையன்களுக்கு வருத்தம்தான். “நம்ம ஊர்ப் பாட்டு ஒண்ணுகூட இல்லையா அண்ணாச்சி?” என்று ஒருவன் கேட்டது எனக்கும் கேட்டது. ஆனாலும் செய்தது சரி. மைதானம் முழுக்க மஞ்சள் முழங்கும்போது ஒரு மூலையில் இருக்கும் சில நூறு பேர் இரண்டு குரலாகப் பிரிந்தால் களத்தில் நிற்கும் நம்ம ஆட்டக்காரன் காதில் எதுவும் விழாது. கேப்போவிடம் முன்கூட்டியே பேசி, இடைவேளைக்கு முன்னால் நெல்லைப் பையன்களுக்கும் ஐந்து நிமிஷம் வாங்கிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டம் நமக்குச் சரியாக அமையவில்லை. 0-3. மூன்று கோலும் இரண்டாம் பாதியில். இந்த மாதிரி நேரத்தில்தான் ஒரு ரசிகர் கூட்டத்தின் குணம் தெரியும். இரண்டாவது கோல் விழுந்ததும் நம்ம வேனில் வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் எதிரணி ஆட்டக்காரரைப் பார்த்து அசிங்கமாகக் கத்தினார். அண்ணாச்சி ஓடி வரவில்லை, சத்தமும் போடவில்லை. நடந்து வந்து அவர் தோளில் கை போட்டு, “வாங்க, நம்ம ரெண்டு பேரும் பின்னால நிப்போம்” என்று கூட்டிப்போனார். ஆட்டம் முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். அடுத்த ட்ரிப்புக்கு அந்த ஆளுக்கு இடமில்லை என்று திரும்பும் வழியில் எல்லார் முன்னாலும் சொல்லாமல் அவரிடம் மட்டும் சொன்னார் என்று அப்புறம் தெரிந்தது. மாணவர்களைத் திருத்த நான் வருஷக்கணக்காக முயன்றுகொண்டிருப்பது இந்த முறையைத்தான். பெண்பிள்ளையோடு போன எனக்கு அந்த ஒரு நிமிஷம் மொத்தப் பணத்துக்கும் தகும்.

தோற்கும்போது 80-ஆவது நிமிஷத்தில் கிளம்பி வெளியே போவதும் இங்கே கிடையாது. ஆட்டக்காரர்கள் விருந்தாளிப் பகுதிக்கு முன்னால் வந்து கைதட்டி நன்றி சொல்லும்வரை ஒருவரும் நகரக் கூடாது. அன்றும் வந்தார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர்களை நம்ம ஆட்கள் பாடி வரவேற்றார்கள். அக்கா மகள் அழுதுகொண்டே பாடினாள்.

அதன்பிறகு குப்பை. 1998 உலகக் கோப்பை முதற்கொண்டே ஜப்பான் ரசிகர்கள் தாங்கள் ஊதி ஆட்டிய நீலப் பைகளிலேயே ஆட்டம் முடிந்ததும் குப்பையைப் பொறுக்கிச் சேர்ப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. நமக்கும் நீலம்தான் நிறம் என்று சொல்லி அண்ணாச்சி ஆளுக்கொரு பை கொடுத்தார். மேலப்பாளையம் பையன்கள் நம்ம வரிசையோடு நிற்காமல் சென்னைக்காரர்கள் இருந்த வரிசையையும் சேர்த்துச் சுத்தம் செய்தார்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மஞ்சள் சட்டையில் நின்ற ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மா தன் ஸ்கார்ஃபைக் கழற்றி என் அக்கா மகளிடம் நீட்டினார். இவள் தன் நீல ஸ்கார்ஃபைக் கொடுத்தாள். “சேச்சி, இனியும் வரணும் கேட்டோ” என்று என்னிடம் சொன்னார்.

வெளியே விடுவதற்கு நேரமாகும். உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை விருந்தாளி ரசிகர்களை நிறுத்தி வைப்பது வழக்கம். பையன்களுக்கு இதில்தான் கோபம் வருகிறது. 1980 ஆகஸ்ட் 16-இல் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தின்போது கேலரியில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. இதை நான் என் மாணவிகளுக்கு வகுப்பிலேயே சொல்வதுண்டு, அன்று பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்களுக்கும் சொன்னேன். காத்திருக்கச் சொன்னால் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் குடிக்கத் தண்ணீர் வேண்டும். பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே விற்பதும் கடைசியில் தீர்ந்துவிடுகிறது. ஆட்டம் முடிவதற்கு முன்பே இரண்டு பேரை அனுப்பித் தண்ணீர் வாங்கி வைப்பதை அண்ணாச்சி ஒரு வேலையாகவே ஒதுக்க வேண்டும்.

இன்னொரு பெரிய குறை பாத்ரூம். போகும்போது நிறுத்திய ஓட்டல் சுத்தமாக இருந்தது. திரும்பும்போது நடுராத்திரி நிறுத்திய இடத்தில் பெண்கள் கால் வைக்க முடியாது. ஆண்களுக்கு ரோட்டோரம் போதும் என்று நினைத்து வழி போட்ட பழக்கம் இது. கோட்டயத்தைத் தாண்டுவதற்குள் ஒரு நல்ல பெட்ரோல் பங்க்கில் கட்டாயம் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ராத்திரிச் சாப்பாடு பரோட்டாவும் சால்னாவும். ஆறியிருந்தது, பசியில் யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் இதே இரண்டு அணிகளும் மோதிய 2014 ஐ.எஸ்.எல். அரையிறுதியைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. கொச்சியில் 0-3 தோற்று, சென்னையில் 3-0 வரை எட்டிப்பிடித்து, கூடுதல் நேரத்தில் பிளாஸ்டர்ஸின் ஸ்டீபன் பியர்சன் போட்ட கோலில் போன ஆட்டம். அப்போது பால்குடி மாறாத பையன்கள்கூட நேரில் பார்த்த மாதிரி பேசினார்கள். புனலூர் வந்தபோது எல்லாரும் தூங்கிவிட்டார்கள். திங்கள் காலை ஸ்கூல் பெல்லுக்கு முன்னால் பாளையங்கோட்டை வந்துவிட்டோம். ஆனாலும் அன்றைக்கு லீவு போட்டுவிடுவதுதான் நல்லது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்று பாத்ரூமுக்கும் தண்ணீருக்கும். புக் செய்ய அட்டவணை வந்த அன்றே போன் பண்ணுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. முன்பணம் பாதி கொடுத்தால் போதும். மேட்ச் டிக்கெட்டை நீங்களாக ஆன்லைனில் எடுக்காதீர்கள். தெரியாமல் மஞ்சள் பகுதியில் எடுத்துவிட்டால் நீல ஜெர்சியோடு அங்கே உட்கார முடியாது, அண்ணாச்சி சேர்த்து எடுத்துத் தருவார். பிள்ளைகளோடு வருபவர்கள் முன்வரிசை என்று அப்போதே சொல்லிவிடுங்கள். ட்ரம்மிலிருந்து நாலு வரிசை தள்ளி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.